சான்று யாருடைய குழந்தையைப் பற்றிப் பேசுகிறது?

1. கேள்வி

குழந்தை பிறந்த வீட்டில் எல்லா அறிவுரைகளும் ஒரே உறுதியோடு சொல்லப்படுகின்றன. மல்லாத்திப் படுக்கவை, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு, குளிப்பாட்டும்போது மூக்கை நீவிவிடு, தொப்புளில் எதையும் தடவாதே, பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்காதே: எல்லாமே கட்டளையாகத்தான் வந்து சேர்கின்றன. ஆனால் இவற்றின் பின்னுள்ள சான்றுகள் ஒரே தரத்தவை அல்ல. சில அறிவுரைகள் பல நாடுகளில், பல ஆண்டுகள் கவனித்துப் பெறப்பட்டவை. சில, ஒரு நாட்டில் ஒரு சூழலில் மட்டும் செல்லுபடியாகிறவை. சிலவற்றுக்குப் பழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. கேட்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் இந்த வேறுபாடு தெரிவதில்லை. சொல்பவரின் குரலை வைத்து அதை அறியவும் வழியில்லை.

தரவுகளையும் ஆய்வுகளையும் நம்பி முடிவெடுக்க விரும்பும் புதிய பெற்றோர் அவற்றிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் இது: எந்த ஆய்வும் குறிப்பிட்ட குழந்தைகளைப் பற்றி, குறிப்பிட்ட ஒரு மாற்றோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட ஓர் அளவில்தான் பதில் சொல்கிறது. யார், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு என்ற மூன்று விவரங்களும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவதே அறிவுரையாகக் காதில் விழுகிறது. உதிர்ந்தவற்றைத் திரும்பக் கேட்டு வாங்குவதுதான் பெற்றோர் செய்யக்கூடிய உருப்படியான ஆய்வு.

2. நிலவும் பார்வைகள்

இத்துறையில் மூன்று நிலைப்பாடுகள் பரவலாக உள்ளன. வீட்டு மூத்த பெண்களின் அனுபவமே போதும் என்பது முதலாவது. பத்துக் குழந்தைகளை வளர்த்தவர் கண்டது பெரிது என்ற மதிப்பு அதில் இருக்கிறது. அழுகையின் வகை, மார்பில் பிள்ளையைப் பிடிக்கும் விதம் போன்ற கைப்பழக்க அறிவில் அந்த மதிப்பு நியாயமானதே. ஆனால் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு நேரும் தீங்கைப் பத்துக் குழந்தைகளின் அனுபவத்தால் காண முடியாது.

மருத்துவர் சொல்வதை அப்படியே செய் என்பது இரண்டாவது. பெரும்பாலான நேரங்களில் இதுவே பாதுகாப்பான வழி. எனினும் மருத்துவ வழிகாட்டுதல்களும் மாறுகின்றன; சில வேளை நேர் எதிராகவே மாறுகின்றன.

மூன்றாவது, அண்மைக் காலத்தில் வலுப்பெற்றது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் எமிலி ஆஸ்டர் 2013இல் கர்ப்ப காலம் பற்றி ‘எக்ஸ்பெக்டிங் பெட்டர்’ என்ற நூலையும், 2019இல் குழந்தையின் முதல் ஆண்டுகள் பற்றி ‘கிரிப்ஷீட்’ என்ற நூலையும் எழுதினார். ஆய்வுகளைத் தரம் பிரித்து, நன்மை தீமைகளை எடைபோட்டு, குடும்பத்தின் விருப்பத்தையும் சேர்த்து முடிவெடுங்கள் என்பது அவருடைய முறை. கர்ப்ப காலத்தில் மது குறித்து அவர் எழுதியதை மருத்துவர்கள் பலர் கடுமையாக மறுத்தார்கள். ஆனாலும் ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதற்கும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரணப் பெற்றோரின் பேச்சுக்குள் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. அவருடைய நூல்கள் மனத்தில் வைத்திருக்கும் வீடு, குழாயைத் திறந்தால் குடிக்கத் தகுந்த நீர் வரும் அமெரிக்க வீடு. இந்த வரம்பு எவ்வளவு முக்கியமானது என்பது தாய்ப்பால் பற்றிய பகுதியில் தெரியவரும்.

3. மல்லாந்தா, குப்புறவா

சான்றைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான வரலாறு குழந்தை மருத்துவத்தில் குறைவு.

பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1946இல் வெளிவந்தது. கோடிக்கணக்கில் விற்ற அந்நூல், அமெரிக்க வீடுகளில் பாட்டியின் இடத்தையே பிடித்துக்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்க அது பரிந்துரைத்தது. மல்லாந்து கிடக்கும் குழந்தை பால் கக்கினால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்டவுடன் சரி என்று படும். ஆனால் சோதித்துப் பார்க்கப்பட்ட காரணம் அல்ல அது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறும் குழந்தைகள் மருத்துவமனைக் கண்காணிப்பில் குப்புறக் கிடக்கும்போது சற்று எளிதாக மூச்சு விடுகிறார்கள் என்ற உண்மையும் சேர்ந்துகொண்டது. இரவெல்லாம் செவிலியர் கண்முன் இருக்கும் குழந்தைக்குப் பொருந்தியதை, விளக்கணைத்த அறையில் தனியே உறங்கும் நலமான குழந்தைக்கும் நீட்டிவிட்டார்கள்.

2005இல் லண்டனைச் சேர்ந்த ரூத் கில்பர்ட்டும் அவருடைய குழுவினரும், காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணம் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் ஆண்டு வாரியாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 1970இலேயே வெளிவந்திருந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலே, குப்புறப் படுத்த குழந்தைகளுக்கு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது புலப்பட்டிருக்கும் என்று கண்டார்கள். அப்படிச் சேர்த்துப் பார்க்க அப்போது யாரும் முன்வரவில்லை. நெதர்லாந்து 1987இலும், பிரிட்டனும் நியூசிலாந்தும் 1991இலும், அமெரிக்கா 1994இலும்தான் மல்லாத்திப் படுக்கவைக்கும் பிரசாரத்தைத் தொடங்கின. இந்தத் தாமதம் இல்லாதிருந்தால் பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000 சிசு மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. சான்று சார்ந்த மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரும் காக்ரேன் கூட்டமைப்பை நிறுவியவர்களில் ஒருவருமான இயன் சால்மர்ஸ், இளம் மருத்துவராக இருந்தபோது ஸ்பாக்கைப் படித்துவிட்டுத் தாமும் அந்த அறிவுரையைப் பெற்றோர்களுக்குச் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார்.

அமெரிக்காவில் 1990இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 130 ஆக இருந்த இம்மரணங்கள் 2020இல் 40க்கும் கீழே வந்தன. பிற்கால இறக்கத்தின் ஒரு பகுதி, மரணக் காரணத்தைப் பதியும் முறை மாறியதால் ஏற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிரசாரம் தொடங்கிய உடனடி ஆண்டுகளின் இறக்கத்தை அப்படி விளக்கிவிட முடியாது. பலரும் அஞ்சிய மூச்சடைப்பு மரணங்கள் அதிகரிக்கவும் இல்லை. உடற்கூறு அதற்கு இடம் கொடுப்பதில்லை: மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கும் பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும்.

இதில் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதியைக் குப்புறப் படுக்கவைத்த சோதனை எதுவும் இதற்கு அடிப்படை அல்ல. அப்படிச் செய்வது கொடுமை. இறந்த குழந்தைகள் எப்படிப் படுத்திருந்தார்கள், அதே வயதில் உயிரோடு இருக்கும் குழந்தைகள் எப்படிப் படுத்திருந்தார்கள் என்ற ஒப்பீடுதான் நடந்தது. வெவ்வேறு நாடுகளில் ஒரே முடிவு வந்தது, பழக்கம் மாறியதும் மரணம் குறைந்தது, மாற்றத்தால் வேறு தீங்கு நேரவில்லை. இவை மூன்றும் சேரும்போது சான்று உறுதிப்படுகிறது. ஆகவே சீட்டுக் குலுக்கிய சோதனை இல்லாததை நம்ப மாட்டேன் என்ற பிடிவாதமும் தவறுதான். அடுத்தது, தமிழ் வீடுகளில் குழந்தையை மல்லாத்திப் போடுவதே வழக்கம். தானாகக் குப்புற விழுவதை நான்கைந்து மாதத்தில் கொண்டாடுவார்கள். இந்த ஒன்றில் நம் பாட்டிகள் சரி, அமெரிக்க வல்லுநர் தவறு. சொன்னவர் யார் என்பதை வைத்து அறிவுரையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

4. தாய்ப்பால்: பெலாரசும் பிரேசிலும்

தாய்ப்பால் குடித்த குழந்தைகளையும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளையும் ஒப்பிடும் ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. பணக்கார நாடுகளில் நீண்ட காலம் பால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் படித்த, வருமானம் மிகுந்த, விடுப்பு எடுக்க வசதி உள்ள தாய்மார்கள். அவர்களுடைய குழந்தைகளின் மேன்மைக்குப் பால் காரணமா, வீடு காரணமா என்று பிரிப்பது கடினம்.

இதைப் பிரித்தறிய மைக்கேல் கிராமர் தலைமையிலான கனடியக் குழு பெலாரசில் ஒரு வழி கண்டது. பால் கொடுக்காதே என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. ஆனால் சில மருத்துவமனைகளில் மட்டும் தாய்ப்பாலுக்கான தீவிர உதவித் திட்டத்தைத் தொடங்க முடியும். 1996-97இல் 31 மருத்துவமனைகளைச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்து, 17,046 தாய் சேய் இணைகளைப் பின்தொடர்ந்தார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் உதவி கிடைத்த பிரிவில் 43.3 விழுக்காடு, மற்றதில் 6.4 விழுக்காடு. முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்று கண்ட குழந்தைகள் முறையே 9.1, 13.2 விழுக்காடு. தோல் அரிப்பு நோயும் குறைந்தது. மூச்சுத் தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆறரை வயதில் பார்த்தபோது உடல் பருமன், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றிலும் வேறுபாடு இல்லை. அதே வயதில் மொழித்திறன் மதிப்பெண் முதல் பிரிவில் நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் மதிப்பிட்ட மருத்துவர்களுக்கு எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்பது தெரியும். பதினாறு வயதில் கணினி வழியே சோதித்தபோது அந்த வேறுபாடு மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, தாய்ப்பாலின் பயன் மிகைப்படுத்தப்பட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அவசரமான முடிவு அது. அச்சோதனையில் சேர்ந்த தாய்மார் எல்லோருமே பால் கொடுக்கத் தொடங்கியவர்கள். நீண்ட காலம் கொடுத்ததும் குறுகிய காலம் கொடுத்ததுமே அங்கே ஒப்பிடப்பட்டன. முழுதும் கொடுத்ததும் அறவே கொடுக்காததும் அல்ல. அதைவிட முக்கியம், பெலாரசில் நல்ல நீரும் அடிப்படை மருத்துவமும் எல்லோருக்கும் கிடைத்தன.

தென் பிரேசிலுக்குப் போனால் காட்சி மாறுகிறது. சீசர் விக்டோராவும் குழுவினரும் 1987இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தொற்றால் இறந்த சிசுக்களின் உணவை உயிரோடிருந்த சிசுக்களின் உணவோடு ஒப்பிட்டது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலே பெறாத குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கும் அபாயம் 14.2 மடங்கு. மாவுப்பால் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கரைக்கும் நீரும், கழுவும் புட்டியும், நோய் வந்தால் ஓடிப்போக மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதும்தான் வேறு.

இவ்விரு உலகங்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. இங்கிலாந்தின் ஏவன் பகுதியிலும் பிரேசிலின் பெலோட்டாஸ் நகரிலும் பிறந்த குழந்தைகளை மேரி-ஜோ பிரையனும் குழுவினரும் 2011இல் ஒப்பிட்டார்கள். ஏவனில் வசதியுள்ள தாய்மார் அதிகம் பால் கொடுத்தார்கள்; பெலோட்டாசில் அப்படிப்பட்ட வர்க்க வேறுபாடு இல்லை. தாய்ப்பால் குடித்தவர்களுக்கு உடல் பருமனும் இரத்த அழுத்தமும் குறைவு என்ற தொடர்பு ஏவனில் தென்பட்டது, பெலோட்டாசில் மறைந்துவிட்டது. அறிவுத்திறனோடுள்ள தொடர்பு மட்டும் இரண்டு இடத்திலும் இருந்தது. வீட்டின் வசதியைப் பாலின் பயனாக எண்ணிவிடும் பிழையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் வேறு கண்டதில்லை.

திருநெல்வேலிச் சிற்றூரில், வாரம் இருமுறை வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்திருக்கும் தாய்க்கு எந்த ஆய்வு பேசுகிறது? பெருமளவு பிரேசிலின் ஆய்வு. சென்னையில் சுத்திகரிப்புக் கருவியும் பக்கத்தில் குழந்தை மருத்துவரும் உள்ள வீட்டில், முயன்றும் பால் போதாமல் மாவுப்பாலைக் கலந்து கொடுக்கும் தாய்க்கு? அவரிடம் பேசுவது பெலாரஸ்: வயிற்றுத் தொற்று கொஞ்சம் கூடலாம், ஆறரை வயதில் அளந்த பருமனும் ஆஸ்துமாவும் அங்கே வேறுபடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு மாத அறிவுரை இருவருக்கும் ஒன்றுதான்; பொது அறிவுரையாக அது சரியானதே. ஆனால் இரண்டாவது தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அந்த அறிவுரையைப் பயன்படுத்துவது அநியாயம். சான்று அதற்குத் துணை நிற்கவில்லை.

5. மடங்கும் எண்ணிக்கையும்

தாயும் சேயும் ஒரே படுக்கையில் உறங்கலாமா? 2013இல் ராபர்ட் கார்ப்பென்ட்டரும் குழுவினரும் ஐந்து பழைய ஆய்வுகளின் தரவை இணைத்து ஆராய்ந்தார்கள். புகைக்காத, மது அருந்தாத, தாய்ப்பால் கொடுக்கும் பெற்றோரோடு படுத்தாலும், முதல் மூன்று மாதங்களில் திடீர்ச் சிசு மரண அபாயம் ஐந்து மடங்கு என்றார்கள். படித்த எந்தத் தாயும் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: பிறப்பில் எடை குறையாத, வேறு அபாயமில்லாத குழந்தைகளில், அதே அறையில் தனிப்படுக்கையில் உறங்கினால் ஒரு லட்சத்துக்கு 8 மரணம், சேர்ந்து உறங்கினால் 23. இரண்டு கணக்கும் ஒரே தரவிலிருந்து வந்தவை. மடங்கை மட்டும் சொன்னால் அச்சம். எண்ணிக்கையையும் சொன்னால்தான் பெற்றோர் எடைபோட முடியும். ஒரு லட்சத்தில் பதினைந்து என்பதைப் பெரிதாகக் கருதும் குடும்பமும் இருக்கலாம், அல்லாததும் இருக்கலாம். அது குடும்பத்தின் உரிமை.

மறு ஆண்டே பீட்டர் பிளேரின் பிரிட்டிஷ் குழு மாறான முடிவுக்கு வந்தது. சோபாவில் குழந்தையோடு உறங்குவதும், மது அருந்திய பின் உறங்குவதும் அபாயத்தைப் பதினெட்டு மடங்காக்கின. புகைப்பதும் அபாயத்தைக் கூட்டியது. இம்மூன்றும் இல்லாதபோது, சேர்ந்து உறங்குவதால் குறிப்பிடத்தக்க அபாயம் அவர்கள் தரவில் தென்படவில்லை. கார்ப்பென்ட்டர் குழு இணைத்த ஆய்வுகள் சிலவற்றில் பெற்றோரின் மதுப் பழக்கம் பதிவாகவே இல்லை; விடுபட்டதைக் கணக்கியல் முறையால் ஊகித்து நிரப்பியிருந்தார்கள். இக்காரணத்தால் நான் பிளேரின் பக்கம் சற்றே சாய்கிறேன், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை குறித்து எச்சரிக்கையோடு.

இங்கே எதற்கு மாற்றாக என்ற கேள்வி உயிர் காக்கும் கேள்வியாகிறது. படுக்கையில் சேர்ந்து உறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்ட தாய், நள்ளிரவில் எழுந்து சோபாவில் அமர்ந்து பாலூட்டி அங்கேயே கண்ணயர்ந்தால், சிறிய அபாயத்துக்குத் தப்பிப் பெரியதில் விழுகிறார். தமிழ் வீடுகளில் தாய் பாயிலோ கெட்டியான இலவம்பஞ்சு மெத்தையிலோ படுப்பது இன்னும் பரவலாக உள்ளது. பாலூட்டும் தாய்மார் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆனால் அதே படுக்கையில் குடித்துவிட்டு வந்து படுக்கும் தகப்பன் இருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கும் மேலே சொன்ன ஆறுதல் பொருந்தாது.

தூளியைப் பற்றியும் கேட்பார்கள். மேற்கத்திய வழிகாட்டுதல்கள் எழுதப்பட்ட அறைகளில் தூளி தொங்கவில்லை. ஆனால் அவை எந்தக் காரணத்துக்காகச் சமதளமான கெட்டிப் படுக்கையை வலியுறுத்துகின்றனவோ, அக்காரணம் தூளிக்கும் பொருந்தும்: சின்னஞ்சிறு குழந்தையின் முகவாய் மார்பில் மடிந்தால் மூச்சு தடைப்படும், துணி மூக்கை மூடினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. கண்முன் ஆட்டித் தூங்கவைக்கத் தூளி, இரவு உறக்கத்துக்குத் தரை என்பது நியாயமான பகிர்வு.

6. தேனும் வேர்க்கடலையும்

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கும் வழக்கத்தில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ சில சொட்டு இடம்பெறுகிறது. தேனில் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அவை முளைப்பதில்லை, சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். 1976இல்தான் இந்நோய் சிசுக்களிடம் அடையாளம் காணப்பட்டது. அரிய நோய், எனவேதான் எந்தப் பாட்டியும் அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஓராண்டு வரை தேனைத் தவிர்ப்பதால் குழந்தை இழப்பது எதுவும் இல்லை. இழப்பே இல்லாத இடத்தில் சிறு அபாயமும் போதுமான காரணம்.

வேர்க்கடலையில் மருத்துவர்களே பின்வாங்க நேர்ந்தது. ஒவ்வாமைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை அதைத் தர வேண்டாம் என்று பிரிட்டன் 1998இலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இலும் அறிவுறுத்தின. 2008இல் கிடியன் லாக்கின் குழு பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டது. பிரிட்டனில் 1.85 விழுக்காட்டினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் 0.17. இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் முன்பே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுபவர்கள். பின்னர் 640 சிசுக்களிடம் நடந்த சோதனை 2015இல் வெளிவந்தது. தொடக்கத் தோல் சோதனையில் ஒவ்வாமை தென்படாதவர்களில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை வந்தது, உண்டவர்களில் 1.9 மட்டுமே. பாதுகாப்பு என்று சொன்னதே தீங்கை வளர்த்திருக்கிறது. நம் ஊரில் இந்த அறிவுரை பெரிதாகக் காலூன்றவில்லை. இப்போது இணையம் வழியாகப் பழைய வடிவில் வந்து சேர்கிறது. நைசாக அரைத்து உணவில் கலந்து தரலாம், முழுக்கடலை தொண்டையில் சிக்கும். கடுமையான தோல் அரிப்புள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

7. ஊர் மாறும்போது

ஒரே சிகிச்சை ஓரிடத்தில் உயிர் காத்து இன்னோரிடத்தில் பயனற்றுப் போவதற்குத் தொப்புள்கொடி நல்ல எடுத்துக்காட்டு. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் குளோர்ஹெக்சிடின் கரைசலால் தொப்புளைத் துடைத்தபோது சிசு மரணம் 24 விழுக்காடு குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு சொன்னது. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் நடந்த ஆய்வுகள் அதை ஒட்டியே இருந்தன. ஆனால் 2016இல் ஜாம்பியாவிலிருந்தும் தான்சானியாவின் பெம்பா தீவிலிருந்தும் வந்த முடிவுகள் மரணம் குறையவில்லை என்றன. வீட்டுப் பிரசவமும் சிசு மரணமும் மிகுந்த ஊர்களில் கரைசல் உதவியது; அவை குறைந்த ஊர்களில் உதவுவதற்கு அதிகம் எஞ்சவில்லை. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில், தொப்புளில் எதையும் தடவாமல் உலரவிடு என்று செவிலியர் சொல்வது நம் சூழலுக்கு ஏற்ற சான்றைத்தான். சாம்பலும் சாணமும் எந்த ஊருக்கும் பொருந்தா.

மறுபுறம், நம் அருகிலேயே பிறந்த சான்றுகளும் உண்டு; அவற்றை நாம் போதிய அளவு கேட்பதில்லை. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு முறையை, வெப்பப் பெட்டிகள் போதாத கொலம்பியாவின் பொகோட்டா மருத்துவமனையில் 1978இல் தொடங்கினார்கள். எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கலாமா என்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகியவற்றின் ஐந்து மருத்துவமனைகள் சோதித்தன. டெல்லி சப்தர்ஜங் அவற்றில் ஒன்று. சேர்ந்த குழந்தைகள் 3,211. இருபத்தெட்டு நாளில் மரணம் வழக்கமான பிரிவில் 15.7 விழுக்காடு, உடனடியாகத் தொடங்கியதில் 12.0. முடிவு இவ்வளவு தெளிவானதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். கைவசம் உள்ள சான்றுகளில் பெற்றோர் நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டியது இதுதான் என்று கருதுகிறேன்: எடை குறைந்து பிறந்த குழந்தையை எப்போது மார்பில் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் முதல் நாளே கேளுங்கள். தாய்க்கு முடியாதபோது தகப்பனும் பாட்டியும் செய்யலாம்.

8. வளர்ச்சி வரைபடம்

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல், தெற்கு டெல்லி உள்ளிட்ட ஆறு நாடுகளின் இடங்களில் நன்கு ஊட்டம் பெற்ற ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியது. அதில் 15ஆம் கோட்டில் இருக்கும் குழந்தை, நூறு நலமான குழந்தைகளில் எடை வரிசையில் கீழிருந்து பதினைந்தாவது இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. நம் பெற்றோர் அதைத் தேர்வு மதிப்பெண் போல வாசிக்கிறார்கள். நூறில் பதினைந்து வாங்கிய பிள்ளையாக எண்ணி, மாவுப்பாலும் ராகிக் கூழும் திணிக்கிறார்கள். எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைவிட, தன் கோட்டிலேயே ஏறுகிறதா, கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் எடை எதையும் சொல்லாது.

9. அளக்கப்படாத தாய்

இதுவரை பார்த்த ஆய்வுகளில் அளக்கப்பட்டவர் யார் என்று திரும்பிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாவற்றிலும் குழந்தை மட்டுமே. இரவில் எத்தனை முறை தாய் எழுந்தார், வலியோடு பால் கொடுத்தாரா, அழுதாரா என்பவை முடிவுகளின் அட்டவணையில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அதனால், தாயின் பாடு கணக்கில் சுழியம் என்று வைத்துக்கொண்டு குழந்தைக்குக் கிடைக்கும் சிறு நன்மையும் கட்டாயமாகிவிடுகிறது. என் பார்வையில் இந்த ஆய்வுகளின் மிகப் பெரிய குறை இதுவே.

தாயை அளந்த ஆய்வுகள் இல்லாமல் இல்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமப் பெண்களை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு கருவுற்ற காலத்திலிருந்து பின்தொடர்ந்தது. மணி சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட முடிவுப்படி, பிரசவத்துக்குப் பின் 11 விழுக்காட்டினர் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானார்கள். அபாயத்தைக் கூட்டிய காரணங்களாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கருவுற்றிருந்தபோது நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைவேலைக்கு உதவி இல்லாமை. இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வந்த மதிப்பீடு, பிரசவித்த பெண்களில் 22 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்படுவதாகச் சொல்கிறது.

கணியம்பாடியின் காரணப் பட்டியலில் பல, தாயின் கையில் இல்லாதவை. பெண் குழந்தையை முகம் சுளிக்காமல் ஏந்திக்கொள்வதும், இரவில் ஒரு முறை எழுந்து துணி மாற்றுவதும், சமையலைப் பகிர்ந்துகொள்வதும் கணவனும் மாமியாரும் எடுக்கக்கூடிய முடிவுகள். குழந்தை வளர்ப்பில் தரவைப் பயன்படுத்துவது என்றால் தாய் மேலும் சில புத்தகங்களைப் படிப்பது என்றே பொருள் கொள்கிறோம். நம் மாநிலத்திலேயே, நம் மொழி பேசும் பெண்களிடம் திரட்டிய இந்தத் தரவு, படிக்க வேண்டியவர்கள் வீட்டின் மற்றவர்கள் என்கிறது.

பிரசவத்துக்குப் பின் வரும் இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம், தமிழிலும் சோதித்து உறுதி செய்யப்பட்டிருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். ஆறாவது வாரத்தில் பென்டாவேலன்ட் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தாயின் கைகளில் வந்து சேர்கின்றன. குழந்தையை எடைபோட்டு அட்டையில் குறிக்கும் அதே மேசையில் அந்தப் பத்துக் கேள்விகளையும் தாயிடம் கேட்கலாம். கேட்கும்வரை, உடன் வந்தவர் அதைக் கேட்டு வாங்கலாம்.